கெடு தவறாதவன்

பத்து மணிக்கு வரச் சொன்னீர்கள். நான் முன்னதாகவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அடுத்தவரைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. வாசலில் நின்ற காவலர்கூட, "கூப்பிட்ட நேரத்துக்கு முன்னாடியே வந்த மொத ஆள் நீங்கதான்" என்றார். கிண்டலாகச் சொன்னாரோ என்னவோ, நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். சிலிண்டர்களை அறுத்துப் பார்த்துவிட்டீர்கள். உள்ளே இருந்தது என்ன என்று ஆய்வுக்கூடமும் எழுதிக் கொடுத்துவிட்டது. இனி நான் இல்லை என்று சாதித்தால் உங்கள் நேரம்தான் வீண். ஆனால் என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதிக்கொண்டு, ஏன் செய்தேன் என்பதை விட்டுவிட்டால் படிக்கிறவர்கள் என்னைத் தப்பாக நினைப்பார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம்.

என் தொழில் உங்களுக்குத் தெரிந்ததுதான். சுவரில் தொங்குகிற சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர்களை விற்பேன். வருடத்துக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றி வந்து, பழைய பவுடரை எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, தேதி போட்ட ஸ்டிக்கரை ஒட்டித் திரும்ப மாட்டுவேன். இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. சோறு வெந்ததா இல்லையா என்று வாயில் வைத்தால் தெரிந்துவிடும். சட்டை நல்லதா என்று ஒரு துவையலில் தெரிந்துவிடும். சிலிண்டருக்குள் இருப்பது நல்ல சரக்கா என்று தீப்பிடித்தால்தான் தெரியும். பெரும்பாலான இடங்களில் தீப்பிடிப்பதில்லை.

ஆரம்பத்தில் நான் ஊரில் எல்லாரையும்போல நேர்மையாகத்தான் இருந்தேன். அப்போது என்னை யாரும் மதிக்கவில்லை. பவுடர் கம்பெனிக்குப் போனால் அங்கே இரண்டு வகை ஆட்கள். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள் ஒரு வகை, நிற்கிறவர்கள் ஒரு வகை. என் கடைக்கு எதிரே இதே தொழில் செய்பவர் ஒருவர் இருந்தார். அவர் உட்காருகிற ரகம். பர்ஸைத் தொடாமலே மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போவார். நான் சட்டைப் பையில் ரொக்கத்தை வைத்துக்கொண்டு தூணோரம் நிற்பேன். மேனேஜர் என்னைப் பார்க்காமலே, "காசை அங்க கட்டிட்டு மூட்டையை எடுத்துக்கிட்டுப் போங்க" என்பார். காசு கொடுக்கிறவன் நிற்கிறான், கடன் சொல்கிறவன் உட்காருகிறான். இது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

என் கணக்கைப் பார்க்கிற ஆடிட்டர்தான் புரியவைத்தார். "உங்களுக்கு மொகம் இருக்கு, உங்க கம்பெனிக்கு மொகம் இல்ல" என்றார். ரொக்கமாகக் கொடுத்து வாங்குகிறவனைப்பற்றி எங்கேயும் ஒரு வரி பதிவாகாது, அவன் இருந்தாலும் ஒன்று, செத்தாலும் ஒன்று என்று விளக்கினார். முதலில் சின்னச் சின்ன வியாபாரிகளிடம் கடன் கணக்குத் தொடங்க வேண்டும். தேவையே இல்லாவிட்டாலும் கடனாக வாங்க வேண்டும். முப்பது நாள் கெடு என்றால் இருபதாவது நாளே கட்டிவிட வேண்டும். அவர்கள் அதை மேலே ஒரு தரக்கணிப்பு நிறுவனத்துக்குச் சொல்வார்கள். அந்த நிறுவனம் மார்க் போடும். "ஒரு வருஷத்துல உங்க கம்பெனிக்கு மூக்கும் முழியும் வந்துடும் பாருங்க" என்றார்.

அட்டைப்பெட்டி வியாபாரியிடம் தொடங்கினேன். பாவம், பழைய காலத்து மனுஷர். என் கையில் பணம் இருப்பதைப் பார்த்துவிட்டு, காசு இருக்கும்போது எதற்குக் கடன் என்று கேட்டார். நல்ல பேர் வாங்க என்றேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் கொடுத்தார். அடுத்து ஸ்டிக்கர் அடிக்கிற அச்சகம். அதற்கடுத்து ரப்பர் குழாய்க் கடை. எனக்குத் தேவையானதைவிட அதிகமாகக் குழாய் வாங்கினேன். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் கெடுவுக்கு முன்பே பணம் போய்ச் சேர்ந்தது. அச்சகக்காரர் நான் வருவதைப் பார்த்தால் எழுந்து நிற்பார். வீட்டில் ஒருவர்கூட எனக்கு அப்படி எழுந்து நின்றதில்லை.

அந்த வருடக் கடைசியில் மார்க் வந்தது. நூற்றுக்கு எண்பத்தேழு. படிக்கிற காலத்தில் நான் நாற்பதைத் தாண்டினாலே வீட்டில் கொண்டாடுவார்கள். ஆடிட்டர் எனக்குக் கைகொடுத்தார். சொன்ன நாளில் கட்டுகிறவனுக்கு எண்பது, அதற்கு மேலே போகிறவன் சொன்ன நாளுக்கு முன்பே கட்டுகிறவன் என்றார். ஒரே ஒரு தடவை தவறினாலும் சரசரவென்று இறங்கிவிடும், ஏறுவதுதான் கஷ்டம் என்றும் எச்சரித்தார். நான் அதை மனதில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த தடவை பவுடர் கம்பெனிக்குப் போனபோது மேனேஜரே நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆனாலும் அதைப்போல ஒரு டீ நான் குடித்ததில்லை.

சிக்கல் என் வாடிக்கையாளர்களால் வந்தது. பெரிய பெரிய கட்டடங்கள். லாட்ஜ், ஆஸ்பத்திரி, சினிமா கொட்டகை. அவர்களுக்குக் கெடு என்பது சும்மா ஒரு பேச்சு. பில்லைக் கொடுத்தால் அடுத்த வாரம் வா என்பார்கள். அடுத்த வாரம் போனால் கையெழுத்துப் போடுகிறவர் லீவு. நான் முப்பது நாளில் கட்ட வேண்டும், எனக்கு வருவதோ நாலு மாதம் கழித்து. ஒரு மாதம் பவுடர் கம்பெனிக்குக் கெடு நெருங்கியபோது கையில் ஒன்றுமே இல்லை. மேனேஜரிடம் ஒரு வாரம் தவணை கேட்டிருக்கலாம். தங்கமான மனுஷர், கொடுத்திருப்பார். ஆனால் எண்பத்தேழு என்ன ஆவது?

கடையில் அவர் கடனாகக் கொடுத்த பவுடர் மூட்டைகள் பிரிக்காமல் இருந்தன. எதிர்க்கடைக்காரரிடம் போய்க் கம்பெனி விலையைவிடக் குறைத்துச் சொன்னேன். அவர் உலகம் தெரிந்தவர். "எங்கிருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல, ஏன் விக்கிறேன்னு நீயும் சொல்லாத" என்று ரொக்கத்தை எண்ணி வைத்தார். அதைக் கொண்டுபோய்க் கெடுவுக்கு முன்னால் கட்டினேன். ஆனால் ஒரு லாட்ஜின் சிலிண்டர்கள் நிரப்புவதற்காகக் காத்திருந்தன. சுண்ணாம்புக்கல் பொடி இருக்கிறதே, கட்டட வேலைக்கு வாங்குவது, அது சல்லிக்காசுக்குக் கிடைக்கும். கொஞ்சம் மஞ்சள் கலந்தால் நிறம் ஒத்துப்போகும். எடை சரியாக இருக்கும். சைக்கிளுக்கு அடிக்கிற காற்றை அடித்தால் மேலே இருக்கிற முள் பச்சைக் கோட்டில் வந்து நிற்கும். பிடியை அழுத்தினால் ஒரு பெருமூச்சு விடும். அவ்வளவுதான்.

முதல் தடவை என் கை நடுங்கியது என்று சொன்னால் உங்களுக்கும் திருப்தியாக இருக்கும், எழுதுகிறவருக்கும் நன்றாக இருக்கும். ஆனால் நடுங்கவில்லை. மனது நிம்மதியாக இருந்தது. ஒரு வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன் அல்லவா?

அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பவுடர் முன்வாசல் வழியாகக் கடனுக்கு வரும், பின்வாசல் வழியாக ரொக்கத்துக்குப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நஷ்டம். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட அடுத்த சுற்றில் இன்னும் அதிகமாக வாங்குவேன். அதிகமாக வாங்கி முன்கூட்டியே கட்டுவதால் மார்க் ஏறியது, கடன் வரம்பும் ஏறியது. பவுடர் கம்பெனி ஒரு விருந்து வைத்து எனக்குக் கேடயம் கொடுத்தது. இவரைப்போல நாலு பேர் இருந்தால் போதும், தீ என்றால் என்னவென்றே ஜனங்களுக்கு மறந்துபோகும் என்று மேனேஜர் மேடையில் பேசினார். நான் தலைகுனிந்து கும்பிட்டேன். அடக்கம்தான் மனிதனுக்கு அழகு.

தரக்கணிப்பு நிறுவனத்திலிருந்து வருடாவருடம் போன் செய்து விசாரிப்பார்கள். எந்தத் தேதியில் வாங்கினேன், எந்தத் தேதியில் கட்டினேன், எத்தனை வியாபாரிகள் எனக்குக் கடன் கொடுக்கிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். ஒரு தடவையாவது, உங்கள் சிலிண்டர் தீயை அணைக்குமா என்று கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். யாரும் கேட்கவில்லை.

நான் மனச்சாட்சி இல்லாதவன் என்று நினைக்காதீர்கள். இதைப்பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். எனக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் என்னை நம்பிக் கொடுத்தார்கள், பணம் கைக்கு வருவதற்கு முன்பே. அந்த நம்பிக்கைக்கு நான் கடமைப்பட்டவன். சிலிண்டரை மாட்டிக்கொண்டவர்கள் என்னையா நம்பினார்கள்? ஸ்டிக்கரை நம்பினார்கள். அதிகாரி வந்து கேட்டால் காட்டுவதற்கு அவர்களுக்கு அது வேண்டியிருந்தது. ஸ்டிக்கர் நல்ல ஸ்டிக்கர்தான்.

இனி அக்கா விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கார் சீட்டுக்கு உறை தைக்கிற பட்டறை வைத்திருந்தாள். நீளமான ஒரே கூடம். வாசல் பக்கம் தையல் மெஷின்கள், நடுவில் துணி வெட்டுகிற மேசை, கடைசியில் கூரைவரை ஸ்பாஞ்சு அடுக்கியிருக்கும். ஏழு பெண்கள் வேலை பார்த்தார்கள். அத்தான் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுத்து வசூல் பண்ணுவார். வேறு ஒரு கம்பெனி மாட்டிய மூன்று சிலிண்டர்கள் அங்கே இருந்தன. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அக்கா அதையே சொல்வாள். "தம்பி இருக்கும்போது ஊரானுக்கு ஏண்டா காசு குடுக்கணும்?"

நான் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். இதை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். அந்த சிலிண்டர்களுக்குத் தேதி இன்னும் முடியவில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். சொந்த அக்கா என்ற பாசம் எனக்கும் உண்டு.

பிறகு ஒரு கெடு வந்தது. அந்த மாதம் எதிர்க்கடைக்காரர் எனக்குத் தர வேண்டிய பணத்தைத் தராமல் வெளியூர் போயிருந்தார். நான் விற்க வேண்டியதை விற்று, தட்ட வேண்டிய கதவையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டேன். கொஞ்சம்தான் குறைந்தது. பெரிய தொகைகூட இல்லை. அக்காவுக்குப் போன் செய்து, சரி, வந்து கழற்றிக்கொண்டு போகிறேன் என்றேன்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் போனபோது, தம்பி கம்பெனி நடத்துகிறான் என்று அந்தப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சிலிண்டரைக் கழற்றுவதற்கு முன்பே பணத்தை எடுத்து என் சட்டைப் பையில் செருகினாள். வேலை முடிந்தபிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, உனக்கு எதற்கு நான் பாக்கி வைக்க வேண்டும் என்றாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் என்னைப்போலத்தான்.

கடைக்குக் கொண்டுவந்து மூன்றையும் திறந்து பார்த்தேன். அந்தக் கம்பெனிக்காரன் யாரோ, மகராசன், சுத்தமாக வேலை செய்திருந்தான். கட்டி இல்லை, ஈரம் இல்லை. கையில் அள்ளினால் விரலிடுக்கில் தண்ணீர்போல வழிந்தது. இன்னும் பல வருடத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியே மூடித் திரும்பக் கொண்டுபோய் மாட்டியிருக்கலாம். ஆனால் அக்கா கொடுத்த பணத்தைச் சேர்த்தும் துண்டு விழுந்தது. அந்தப் பவுடரையும் பக்கத்து ஊர்க் கடையில் விற்றால் சரியாகிவிடும் போலிருந்தது. விற்றேன். சரியாகிவிட்டது. கெடுவுக்கு முந்தின நாளே கட்டினேன்.

சிலிண்டர்களை நானே கொண்டுபோய் மாட்டினேன். விதிப்படி எங்கெங்கே இருக்க வேண்டுமோ அங்கங்கே. வாசலில் ஒன்று, வெட்டுகிற மேசைப் பக்கம் ஒன்று, கடைசியில் ஸ்பாஞ்சு அடுக்கியிருந்த இடத்தில் ஒன்று. அத்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அக்கா கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "இந்த முள்ளு பச்சையில இருந்தா போதும்தானே?" என்று கேட்டாள்.

"பச்சையில இருந்தா பயமே இல்லக்கா" என்றேன்.

தீப்பிடித்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. உள்ளே எங்கோ ஒரு பிளக்கில் புகைந்து, கீழே கிடந்த துண்டுத்துணியில் பற்றியிருக்கிறது. நான் அங்கே இல்லை. துணி வெட்டுகிற பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்களிடமும் சொல்லியிருப்பாள், என்றாலும் என் பங்குக்கு நானும் சொல்லிவிடுகிறேன். தீயைப் பார்த்ததும் எல்லாரும் வாசலுக்கு ஓடியிருக்கிறார்கள். அக்காவும் வாசலுக்கு வந்துவிட்டாள். வெளியே கால் வைத்தால் தெரு. அங்கே சுவரில் முதல் சிலிண்டர் தொங்கியது. அதைக் கழற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறாள். அந்தப் பெண் கையைப் பிடித்து இழுத்தாளாம்.

"பயப்படாதீங்கடி, என் தம்பி போட்டது" என்றாளாம் அக்கா. சிரித்துக்கொண்டு சொன்னாள் என்றாள் அந்தப் பெண்.

முதலாவது பெருமூச்சு விட்டது. அவள் அதைக் கீழே போட்டுவிட்டு, மேசைப் பக்கம் இருந்த இரண்டாவதுக்குப் போனாள். அதுவும் அப்படியே. புகை அதற்குள் மண்டிவிட்டது. வெளியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவள் மூன்றாவதை எடுக்க உள்ளே போயிருக்கிறாள். ஒன்று கெட்டுப்போகும், இரண்டு கெட்டுப்போகும், மூன்றுமா கெட்டுப்போகும் என்று நினைத்திருப்பாள். நியாயமான கணக்குதான். மூன்றாவது, ஸ்பாஞ்சு பக்கத்தில் இருந்தது.

அக்காவை அடக்கம் செய்த அன்று பவுடர் கம்பெனிக்குக் கெடு நாள். வழக்கமாக அதற்கு முன்பே கட்டிவிடுவேன். அந்த வாரம் இந்த அமளியில் முடியவில்லை. எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது பின்பக்கமாகப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, போனில் பணத்தை அனுப்பினேன். மேனேஜருக்கும் விஷயத்தைச் சொன்னேன்.  "இந்த நேரத்துலயுமா சார்?" என்றார் அவர்.  எனக்கு அப்போதுதான் முதல் தடவையாக அழுகை வந்தது. அந்த மாதமே என் கடன் வரம்பை இரட்டிப்பாக்கிக் கடிதம் அனுப்பினார்.

திரும்பி உள்ளே வந்தபோது அத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "மூணுமாடா வேலை செய்யாமப் போகும்?" என்று கேட்டார். சில சமயம் அப்படி ஆகிவிடும் அத்தான் என்றேன். அவர் தலையை ஆட்டினார். மறுநாள் கருகிக்கிடந்த மூன்றையும் சாக்கில் கட்டித் தோளில் சுமந்து உங்களிடம் கொண்டுவந்தார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. துக்கத்தில் இருக்கிறவர்கள் எதையாவது தூக்கிக்கொண்டு அலைவார்கள்.

மற்றவை எங்கெங்கே தொங்குகின்றன என்று கேட்கிறீர்கள். கடையில் முழு விவரமும் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று, நாலைந்து லாட்ஜ், சினிமா கொட்டகை, இரண்டு பள்ளிக்கூடம். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் இருப்பதும் என்னுடையதுதான். எழுந்திருக்க வேண்டாம். முள் பச்சையில்தான் இருக்கும். அதற்கு உங்கள் அலுவலகம் இன்னும் எனக்குப் பணம் தரவில்லை. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

சரி, முறையாகவே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று சிலிண்டர்களிலும் நல்ல பவுடர் இருந்தது. நான் தொடாமல் இருந்திருந்தால் அவை வேலை செய்திருக்கும். தெரிந்தேதான் எடுத்தேன். தெரிந்தேதான் பொடியை நிரப்பினேன். தெரிந்தேதான் மாட்டினேன். யாரும் தூண்டவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

யாரையும் ஏமாற்றி நான் சொத்துச் சேர்க்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வீடு வாடகை வீடு. கடையில் இருப்பதெல்லாம் ரப்பர் குழாய். வெளியில் போய் விசாரித்துப் பாருங்கள். எனக்குக் கடன் கொடுத்த எவரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். ஒருவருக்கும் நான் பாக்கி இல்லை.

கடை வைக்கப் பணம் கொடுத்தவள் அக்காதான் என்று அத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார். உண்மைதான். சீட்டுப் பிடித்துச் சேர்த்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். எப்போது திருப்பித் தர வேண்டும் என்று நானே கேட்டேன். "உன்னால முடியறப்ப குடுடா. உன்கிட்ட போயி நான் தேதியா கேக்கப் போறேன்?" என்றாள். பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கெடு வைக்காத கடனை நான் தவறவிட்டேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? அவள் மட்டும் ஒரு தேதியைச் சொல்லியிருந்தால், முந்தின நாளே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.